விளப்பில்சாலை முதல் ஆற்றுகால் வரை: திருவனந்தபுரத்தின் துப்புரவும் தன்னார்வத் தொண்டும்

மாசி மாதத்தின் ஒரு முற்பகலில் திருவனந்தபுரம் நகரின் தெருக்களெல்லாம் அடுப்படியாக மாறிவிடுகின்றன. மூன்று செங்கற்கள், ஒரு மண்பானை, சில தென்னை மட்டைகள்; இவற்றோடு லட்சக்கணக்கான பெண்கள் ஆற்றுகால் பகவதிக்குப் பொங்கல் இடுகின்றனர். மலையாளக் கும்ப மாதத்தில் நிகழும் பத்து நாள் திருவிழாவின் ஒன்பதாம் நாள் அது. கன்னியாகுமரி, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்தும் பெண்கள் திரளாகச் செல்கின்றனர். அங்குள்ள தேவி கண்ணகியே என்பது மக்களின் நம்பிக்கை. விழா நாட்களில் அவள் கதை தோற்றம் பாட்டாகப் பாடப்படுகிறது. ஒரே இடத்தில் பெருந்தொகையான பெண்கள் கூடும் விழா என்று 1997-லும், மீண்டும் 2009-லும் கின்னஸ் பதிவேட்டில் இவ்விழா இடம்பெற்றது.

பொருளாதார மாணவனுக்கு இவ்விழாவின் மாலைப்பொழுதே அதிகச் சுவையுடையது. நிவேதனம் முடிந்து பெண்கள் பானைகளுடன் ஊர் திரும்பியவுடன் மாநகராட்சியின் துப்புரவுப் பணியாளர்களும் மாணவர்களான தன்னார்வத் தொண்டர்களும் தெருவில் இறங்குகின்றனர். சாம்பல் அள்ளப்படுகிறது; தண்ணீர் லாரிகள் செயற்கை மழை போல நீரைத் தூவிச் சாலையைக் கழுவுகின்றன. இரவு முடிவதற்குள் நகரம் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. கைவிடப்பட்ட செங்கற்களை மாநகராட்சி சேகரித்து, வீடற்ற ஏழைகளுக்கு வீடு கட்டும் திட்டத்திற்குப் பயன்படுத்தும் வழக்கமும் அண்மைக் காலத்தில் ஏற்பட்டுள்ளது. சில மணி நேரம் மட்டுமே அடுப்பாக இருந்த கல் ஒரு குடும்பத்தின் சுவராகிறது.

இந்த ஒழுங்கு இயல்பாக வந்ததன்று. அதன் பின்னால் ஒரு கிராமத்தின் பெருந்துன்பமும், ஒரு மாநகரின் திண்டாட்டமும், பல ஆயிரம் பேருடைய ஊதியமில்லா உழைப்பும் இருக்கின்றன. அவற்றை வரிசையாக ஆராய்வது, உள்ளாட்சி நிருவாகத்தில் ஈடுபட்டுள்ள அலுவலர்களுக்கும் மாணவர்களுக்கும் பயன் தரும்.

பூட்டப்பட்ட வாயில்

திருவனந்தபுரத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் தொலைவில் விளப்பில்சாலை என்னும் சிற்றூர் உள்ளது. நகரின் குப்பையை உரமாக மாற்றும் ஆலையொன்று 2000-ஆம் ஆண்டில் அங்கே நிறுவப்பட்டது. திட்ட ஏட்டில் அது உர ஆலை. நடைமுறையில் பெரும்பகுதி குப்பைமேடாகவே முடிந்தது. தரம் பிரிக்கப்படாமல் வந்து குவிந்த குப்பை ஆலையின் கொள்திறனை விஞ்சியது. மழைநீர் அதில் ஊறிக் கசிந்த கரிய கழிவுநீர், மீனம்பள்ளி ஓடையில் இறங்கி, அதன் வழியே கரமனை ஆற்றை நோக்கி ஓடியது. கிணறுகள் கெட்டன, துர்நாற்றம் நிலைகொண்டது. இவ்வூர் என்றாலே பெண் கொடுக்கத் தயங்குகிறார்கள் என்று அங்குள்ளோர் முறையிட்டது அந்நாளில் பலருக்கும் தெரிந்த செய்தி.

2011 டிசம்பர் 21-ஆம் நாள் விளப்பில் ஊராட்சி ஆலையின் வாயிலைப் பூட்டிவிட்டது. பின்னர் நீதிமன்ற ஆணைகளின் துணையுடன், காவல்துறைப் பாதுகாப்போடு, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு இயந்திரங்களைக் கொண்டுசெல்ல 2012-இல் மேற்கொள்ளப்பட்ட முயற்சிகளை மக்கள் சாலையில் அமர்ந்து தடுத்தனர். ஆலை மீண்டும் இயங்கவேயில்லை.

இந்நிகழ்ச்சியைச் சட்டம் ஒழுங்குப் பிரச்சினையாகக் காண்போர் உண்டு. உண்மையில் இது நிலவியல் தொடர்பான ஒரு கணக்காகும். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஒரு சதுர கிலோமீட்டரில் 382 பேர் வசித்தனர். கேரளத்தில் 860 பேர். அங்கே நகரம் எங்கு முடிகிறது, கிராமம் எங்கு தொடங்குகிறது என்று கோடு கிழிக்க இயலாது. வீட்டை அடுத்து வீடு, தோப்பை அடுத்துத் தோப்பு, கிணற்றை அடுத்துக் கிணறு. நம் நாட்டின் பிற நகரங்கள் குப்பையைக் கொட்டும் ஊருக்கு வெளியேயுள்ள தரிசு நிலம் என்ற பண்டமே கேரளத்தில் கிடைப்பதில்லை. எங்கு கொட்டினாலும் அது யாரோ ஒருவருடைய கொல்லைப்புறமாகத்தான் இருக்கும்; அந்த ஒருவர் எழுதப் படிக்கத் தெரிந்தவர், ஊராட்சிக் கூட்டத்திற்குச் செல்பவர், வழக்குத் தொடுக்கும் வழி அறிந்தவர். 1996 ஆகஸ்ட் 17-ஆம் நாள் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்தின் பயனாக, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு வரை உள்ளாட்சிகளின் கைக்கு வந்திருந்தது. ஊராட்சி என்பது வெறும் பெயர்ப்பலகையாக இல்லாத மாநிலத்தில் நகரம் தன் சுமையை அதன் தலையில் ஏற்றிவிட முடியாது.

ஒருவருடைய நுகர்வின் செலவு, சந்தை விலையில் ஏறாமல், தொடர்பே இல்லாத இன்னொருவர் மீது விழுவதைப் புறவிளைவு என்று பொருளாதார நூல்கள் கூறும். பாடநூலில் இது ஒரு வரைபடம். விளப்பில்சாலையில் அது ஒரு கிணறு.

ஒரு குழாயும் ஒரு தொட்டியும்

வாயில் பூட்டப்பட்ட பின்னர் நகரில் சில மாதங்கள் பெரும் குழப்பம் நிலவியது. சாலையோரங்களில் குப்பைப் பைகள் குவிந்தன. பல இடங்களில் அவற்றைக் கொளுத்தினர். போக்கிடமின்றியே நகரம் தன் குப்பையைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொள்ளக் கற்றது என்று கூறினால் மிகையாகாது. ஆயினும் அத்தகைய கருத்து அங்கே முற்றிலும் புதியதன்று. கோவளம் கடற்கரையில் குப்பை எரிக்கும் உலை அமைக்கும் யோசனை எழுந்தபோது, 1986 முதல் இயங்கிவந்த 'தணல்' என்னும் அமைப்பினர் அதற்கு மாற்றாகக் குப்பையில்லாக் கோவளம் என்ற முயற்சியை இந்நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மேற்கொண்டு, காகிதப் பைகளும் தேங்காய்ச் சிரட்டைப் பொருள்களும் செய்ய உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி அளித்தனர். அந்நகரையே தம் இல்லமாக்கிக்கொண்ட கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் (1917-2007) பழைய செங்கல்லையும் மரத்தையும் காலிப் புட்டிகளையும் கொண்டு சுவர் எழுப்பிக் காட்டியிருந்தார். விதை இருந்தது, நெருக்கடி மழையாக வந்தது.

வீட்டுக் குப்பையில் பாதிக்கு மேற்பட்டது சமையலறைக் கழிவு. மட்கும் இக்கழிவு வீட்டை விட்டு வெளியேறாவிட்டால், எஞ்சியது உலர்ந்ததாகவும் நாற்றமற்றதாகவும் இருக்கும். பல நாட்கள் வைத்திருந்தும் கொடுக்கலாம். பரவலாக்கப்பட்ட கழிவு மேலாண்மையின் அடிப்படை இவ்வளவே. இதற்கு நகரில் பரவிய எளிய சாதனம் பைப் கம்போஸ்ட். எட்டு அங்குல விட்டமுள்ள, ஏறக்குறைய நான்கடி நீளமுள்ள இரண்டு பி.வி.சி. குழாய்களை ஓரடி ஆழத்தில் மண்ணில் நட்டு, ஒன்றில் ஒரு மாதம், மற்றொன்றில் மறுமாதம் எனக் கழிவை இடவேண்டும். இடையிடையே சிறிது சாணக் கரைசல் ஊற்றவேண்டும். குழாயின் வாய் மூடியிருப்பது இன்றியமையாதது. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் பெய்யும் ஊரில் மூடாத குழாய் மழைநீர்த் தொட்டியாகிவிடும்.

பணி நிமித்தம் சில ஆண்டுகள் அந்நகரில் வசித்த நான் இதை அனுபவித்தே அறிந்தேன். என் குழாயில் மூன்றாம் வாரமே புழு நெளிந்தது. அண்டை வீட்டார் முகம் சுளித்தனர். எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் இதற்கென்றே வீடுவீடாகச் செல்லும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் வந்து மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். "சாரே, ரசம் மிஞ்சினால் குடித்துவிட வேண்டும், குழாய்க்கு வார்க்கக் கூடாது" என்றார். ஈரம் மிகுந்தால் காற்று புகாது. காற்றின்றி அழுகும் பொருளே நாறும். உலர்ந்த இலைச்சருகைக் கைப்பிடி கைப்பிடியாக இட்டதும் நிலைமை சீர்பட்டது. அந்த ஆசிரியர் ஊதியம் ஏதும் பெறவில்லை. அவர் வராதிருந்தால் அரசின் மானியத்தில் வாங்கிய அந்தக் குழாய் ஒரு மாதத்தில் மூலையில் கிடந்திருக்கும். அவ்வாறு மூலையில் கிடந்த குழாய்கள் நகரில் பல இருந்தன என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். மானியம் பொருளைக் கொண்டுவந்து சேர்க்கும். அதைப் பயன்படுத்தும் பழக்கத்தை மனிதர்தாம் கொண்டுவர வேண்டும்.

கொல்லைப்புறம் இல்லாதோர்க்கும் சந்தைகளுக்கும் தும்பூர்முழி முறை பயன்பட்டது. திருச்சூர் மாவட்டத்தில் தும்பூர்முழி என்னுமிடத்தில் கேரளக் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் கால்நடைப் பண்ணையில் உருவாக்கப்பட்டதால் இப்பெயர். நான்கடி நீள, அகல, உயரமுடைய, பக்கங்களில் காற்று புக இடைவெளி விட்ட தொட்டியில் சாணம், சருகு, கழிவு என்று அடுக்கடுக்காக இடுவர். கழிவிலுள்ள நைட்ரசனும் சருகிலுள்ள கரிமமும் உரிய அளவில் சேரும்போது நுண்ணுயிர்கள் விரைந்து பெருகுகின்றன. தொட்டியின் உள்வெப்பம் 70 பாகை செல்சியசு வரை உயர்கிறது. இவ்வெப்பத்தில் நோய்க் கிருமிகளும் ஈ முட்டைகளும் மாய்ந்துவிடும். தொட்டி நிரம்பியபின் சுமார் 90 நாட்களில் எரு கிடைக்கும். வார்டுகளில் இத்தொட்டிகளை அமைக்க முற்பட்டபோது முதலில் எழுந்தது எதிர்ப்பே. விளப்பில் மக்களின் போராட்டத்தை ஆதரித்துப் பேசிய அன்பர்களில் சிலர், தம் தெருமுனையில் தொட்டி வருவதை எதிர்த்து மனுவில் கையொப்பமிட்டதும் உண்டு.

விழாக்களில் பசுமை நெறி

வீடு ஒரு பாதி; மறுபாதி கூட்டம். திருமணம், கோயில் விழா, அரசியல் மாநாடு, அலுவலகக் கூட்டம் ஆகியவற்றில் ஒரு வேளையில் சேரும் குப்பை ஒரு தெருவின் பல நாள் குப்பைக்குச் சமமாகும். 2015 சனவரி 31 முதல் பிப்ரவரி 14 வரை கேரளத்தில் நடைபெற்ற 35-ஆவது தேசிய விளையாட்டுப் போட்டிகளில், மாநில அரசின் சுசித்வ மிஷன் பசுமை நெறி என்னும் முறையைப் பெரிய அளவில் புகுத்தியது. குப்பையை அள்ளும் ஏற்பாட்டை விடக் குப்பை தோன்றாத ஏற்பாட்டிற்கே அது முதலிடம் அளித்தது. பின்னர் ஆற்றுகால் பொங்கலிலும் இது நடைமுறைக்கு வந்தது. தட்டும் குவளையும் வீட்டிலிருந்து கொண்டுவருமாறு பெண்கள் கேட்டுக்கொள்ளப்பட்டனர். அன்னதானமும் குடிநீரும் வழங்குவோர் மாநகராட்சியில் முன்பதிவு செய்யவேண்டும் என்றும், தூக்கியெறியும் தட்டுகளைப் பயன்படுத்தலாகாது என்றும் விதிக்கப்பட்டது. பெருந்தொற்றின் காரணமாக 2021, 2022 ஆகிய இரண்டு ஆண்டுகளில் பொங்கல் வீடுகளிலேயே நடந்தது; அதன்பின் தெருப் பொங்கல் மீண்டபோது இந்நெறியும் உடன் மீண்டது.

காகிதக் குவளைக்குப் பதிலாக எவர்சில்வர் குவளை என்பது கேட்பதற்கு எளிது. அதன் கணக்கு அவ்வளவு எளிதன்று. ஆயிரம் பேர் உண்ணும் விருந்தில் தட்டு, குவளை, கிண்ணம் என்று ஆளுக்கு மூன்று கொண்டால் மூவாயிரம் பொருள்கள். தூக்கியெறியும் பொருளாயின் விருந்து நடத்துபவரின் செலவு வாங்கும் விலையோடு நின்றுவிடுகிறது. அகற்றும் செலவு மாநகராட்சிக்கு, அதாவது ஊர் முழுமைக்கும். எவர்சில்வராயின் அகற்றும் செலவு இல்லை. ஆனால் மூவாயிரத்தையும் கழுவ ஆளும் நீரும் வேண்டும், எண்ணித் திரும்பப் பெறவும் ஆள் வேண்டும், இச்செலவு முழுவதும் விருந்து நடத்துபவரையே சாரும். ஊருக்கு இலாபம், வீட்டுக்காரருக்கு நட்டம். இந்த இடைவெளியை நிரப்பும் வழி மூன்று: தண்டம் விதிப்பது, பாத்திரங்களைக் குறைந்த வாடகைக்கு விடுவது, கழுவுவதற்குத் தன்னார்வலரைத் திரட்டுவது. திருவனந்தபுரம் மூன்றையும் கையாண்டது. குடும்பஸ்ரீ மகளிர் குழுக்கள் பாத்திர வாடகையைத் தொழிலாகவே மேற்கொண்டன. மாநகராட்சி மாணவர்களைக் கொண்ட பசுமைப் படை ஒன்றை அமைத்தது. வீட்டில் வேண்டாத நல்ல பொருள்களைக் கொண்டுவந்து வைக்கவும், வேண்டுவோர் எடுத்துச் செல்லவும் மாற்றுக் கடைகள் நடத்தப்பட்டன. கண்ணாடி, பழைய காலணி, பழுதான மின்சாதனங்கள் போன்றவற்றைத் தனித்தனி நாட்களில் பெறும் முகாம்களும் நடந்தன. தலைவாழை இலையில் உண்டு பழகிய நம்மவர்க்கு இவற்றில் எதுவும் அந்நியமன்று. இடையில் வந்த நாற்பது ஆண்டுப் பழக்கமே அந்நியம்.

யாருடைய உழைப்பு?

இனி, இக்கட்டுரையின் மையமான வினாவுக்கு வருவோம். தன்னார்வத் தொண்டு எதுவரை செல்லும்?

தமிழகத்து ஏரிப் பாசன வரலாறு இதற்கு ஓர் உரைகல். குடிமராமத்து என்னும் முறையில் ஏரியின் பாசனதாரர்களே கரையையும் வாய்க்காலையும் பேணிவந்தனர். ஆங்கிலேயர் ஆட்சியில் இம்முறை நலிந்ததும், மக்களை வேலைக்கு வருமாறு வற்புறுத்த 1858-இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் கொண்டுவரப்பட்டது. தொண்டைச் சட்டத்தால் பெற முயன்றது அது. குடிமராமத்து நிலைபெற்றிருந்தது நல்லெண்ணத்தால் மட்டுமன்று. உழைத்தவனுக்கே நீர் கிடைத்தது, உழைக்காதவனை ஊர் அறிந்திருந்தது. பொதுவளங்களைச் சமூகங்கள் பேணும் முறையை ஆராய்ந்து 2009-இல் நோபல் பரிசு பெற்ற எலினார் ஆஸ்ட்ரம் அம்மையாரின் முடிவுகளும் இதற்கு மாறானவை அல்ல.

தெருவின் குப்பைக்கு இந்த இலக்கணம் பாதியே பொருந்தும். என் வீட்டுக் குழாயில் விளையும் எரு என் தோட்டத்திற்கு. ஆதலால் அவ்வுழைப்பை நான் மேற்கொள்வேன். ஆற்றுகால் விழாவில் ஒரு நாள் தொண்டு செய்யும் மாணவிக்கு அந்நாளே வெகுமதி. ஆனால் மாதந்தோறும் வாயிலில் வந்து நின்று, அழுக்கேறிய பிளாஸ்டிக் உறைகளைப் பெற்றுத் தரம் பிரிக்கும் பணியை எந்த ஆர்வம் ஆண்டுக்கணக்கில் தாங்கும்? 2016 டிசம்பர் 8-ஆம் நாள் தொடங்கிய ஹரித கேரளம் இயக்கத்தின் பின்னணியில், இப்பணிக்கென உள்ளாட்சிதோறும் ஹரித கர்ம சேனை அமைக்கப்பட்டது. 1998-இல் தொடங்கி 40 லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களைத் தழுவி நிற்கும் குடும்பஸ்ரீயின் பெண்களே இதில் பெரும்பாலோர். மாநிலம் முழுவதும் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் பணிபுரிகின்றனர். வீடுகள் செலுத்தும் மாதக் கட்டணம், ஊராட்சியில் பொதுவாக 50 ரூபாய், நகரத்தில் 100 ரூபாய், அவர்களுடைய வருவாயின் அடிப்படை.

தொடக்கத்தில் பல வீடுகள் இக்கட்டணத்தைத் தர மறுத்தன. சேனை என்றும் தொண்டு என்றும் பெயரிட்டால் கூலி கேட்பது முறைகேடாகத் தோன்றிவிடுகிறது. ஒரே தெருவில், ஓய்வுபெற்ற ஆண் செய்தால் சமூக சேவை என்று மாலை மரியாதை; ஏழைப் பெண் செய்தால் ஐம்பது ரூபாய்க்கு வாக்குவாதம். பின்னர்ச் சட்டத் திருத்தத்தின் வாயிலாகக் கட்டணம் கட்டாயமாக்கப்பட்டபோது நிலைமை மேம்பட்டது. குருதிக்கு விலை கொடுத்தால் கொடையாளரின் எண்ணிக்கையும் தரமும் குறையும் என்று ரிச்சர்டு டிட்மஸ் 1970-இல் வாதிட்டதை மேற்கோள் காட்டி, இங்கும் ஊதியம் தொண்டுணர்வைக் கெடுக்கும் என்பார் உளர். குருதி அளிப்பவர் ஆண்டில் சில முறை அளிக்கிறார். அதைக் கொண்டு அவர் குடும்பம் நடத்துவதில்லை. அந்த ஒப்புமை இங்கே செல்லாது என்பது என் கருத்து.

தன்னார்வத்தால் ஆகாத இடங்களும் உண்டு. நகரின் நடுவே ஓடும் ஆமயிழஞ்சான் தோடு (தோடு என்றால் மலையாளத்தில் ஓடை) திருவனந்தபுரம் மத்திய ரயில் நிலையத்தின் அடியில் சுரங்கம் போன்ற கால்வாயில் புகுந்து செல்கிறது. ஆண்டுக்கணக்கில் சேர்ந்த சேறும் பிளாஸ்டிக்கும் அதில் அடைந்து கிடந்தன. 2024 சூலை 13-ஆம் நாள், மழையின்போது அதைத் துப்புரவு செய்ய இறங்கிய ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டார். தீயணைப்புத் துறையினரும் முக்குளிப்போரும் கடற்படையினரும் குப்பைச் சுவர்களை அகற்றி அகற்றித் தேடினர். இரண்டு நாட்களுக்குப் பின்னரே அவருடைய உடல் சற்றுத் தொலைவில் ஓடையில் மிதக்கக் கண்டெடுக்கப்பட்டது. கால்வாய் யாருடைய பொறுப்பு, ரயில்வேயினுடையதா, மாநகராட்சியினுடையதா, நீர்ப்பாசனத் துறையினுடையதா என்ற விவாதம் தேடுதல் முடிவதற்கு முன்பே தொடங்கிவிட்டது.

எத்தனை வீடுகளில் குழாய் நட்டாலும், ஓடைக்குள் இறங்கும் அந்த மனிதரின் பணியை அது தானாகவே இல்லாமற் செய்துவிடாது. கடைகள், சிறு உணவகங்கள், வெளியூரிலிருந்து வந்து போவோர் ஆகியோரின் குப்பை எந்தக் குடியிருப்போர் சங்கத்தின் கணக்கிலும் சேர்வதில்லை. ஓடையில் சேர்வது பெரும்பாலும் அதுவே. அங்கே வேண்டுவன கரையில் வலைத் தடுப்பு, கண்காணிப்பு, தண்டம், தூர் வாரும் இயந்திரம், பணியாளருக்குப் பாதுகாப்புக் கருவி, எல்லாவற்றுக்கும் மேலாக எல்லை தெளிவான பொறுப்பு. இவற்றை வரிப்பணத்திலிருந்தே செய்யவேண்டும்.

தமிழ்நாட்டில் 2019 சனவரி முதல் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்கள் தடைசெய்யப்பட்டன. 2021 டிசம்பரில் மஞ்சப்பை இயக்கம் தொடங்கிற்று. கேரளத்தின் தடை 2020 சனவரியில் வந்தது; நாடு முழுவதற்குமான தடை 2022 சூலையில். நம் மாவட்டங்களிலிருந்து கேரள முறையைக் காணச் செல்லும் அலுவலர்கள் பெரும்பாலும் தொட்டியையும் குழாயையும் படமெடுத்துத் திரும்புகின்றனர். அதனோடு மூன்று பதிவேடுகளையும் கேட்டு வாங்கிப் பார்ப்பது நலம்: சேனைப் பெண்ணின் மாத வருவாய் எவ்வளவு, கட்டணம் செலுத்தாத வீடுகள் எத்தனை, வழங்கிய குழாய்களில் ஓராண்டுக்குப் பின் பயன்பாட்டில் உள்ளவை எத்தனை. முதலிரண்டும் வார்டு அலுவலகத்தில் கிடைக்கும். மூன்றாவதற்கு வீடுவீடாகச் சென்று மூடியைத் திறந்து பார்க்கவேண்டியிருக்கும்.